அட்டை கைக்கு வந்தாச்சு, அப்புறம்?

மாற்றுத் திறனாளி அடையாள அட்டை கிடைத்ததும் பெற்றோர் பெருமூச்சு விடுவது இயல்புதான். எத்தனை நடை நடந்திருப்பார்கள்! ஆனால் நாளைக் காலை வகுப்பில் பிள்ளை எங்கே உட்கார வேண்டும், யார் கழிப்பறைக்குக் கூட்டிப்போவார்கள் என்பதெல்லாம் அட்டையில் இருக்காது. அவற்றைச் சொல்ல வேண்டியது தனிநபர் கல்வித் திட்டம்.

சட்டம் சொல்வது

மாற்றுத் திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அவை 21 ஆகின. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியிலும் சேரலாம், சிறப்புப் பள்ளியிலும் சேரலாம்.

திட்டத்தை யார் எழுதுவது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். மருத்துவ முகாம், இயன்முறைப் பயிற்சி, நடமாட முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி எல்லாம் அந்த மையம் வழியாகத்தான். ஆனால் அந்தப் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள். அவர் வராத நாள்களில் பிள்ளை வகுப்பாசிரியரின் பொறுப்பு. அதனால் வகுப்பாசிரியரும் பெற்றோரும் சேர்ந்து உட்காராமல் எழுதிய திட்டம் கோப்பில்தான் தூங்கும்.

தாளில் என்ன இருக்க வேண்டும்?

‘வாசிப்பு மேம்பட வேண்டும்’ என்று எழுதுவதில் பயனில்லை; யாருக்குத்தான் மேம்பட வேண்டாம்? மூன்றாம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இப்போது படம் பார்த்து 5 சொற்களை வாசிக்கிறது என்றால், பொங்கல் விடுமுறைக்குள் படமில்லாமல் 10 சொற்கள் என்று எழுதலாம். அதை எட்டியதா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். கூடவே சில சின்ன ஏற்பாடுகள்: முன் பெஞ்சு, ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவது, காலையில் காதொலிக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பாட்டரி தீர்ந்த கருவியோடு பிள்ளை நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பல வகுப்பறைகளில் ‘கவனக்குறைவு’ என்கிறார்கள். வலிப்பு வரும் பிள்ளையென்றால் மருந்து நேரமும், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம்

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் பொதுவாக 8 வயது வாக்கில்தான் கிடைக்கும். எழுத்துகள் பிடிபடாமல் தவிப்பதோ ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். கூடிய விரைவில் கண்டறிந்து, கற்பிக்கும் முறையை மாற்றும் கடமையைச் சட்டம் பள்ளிக்கே தருகிறது. ‘அட்டை கொண்டுவாங்க, பார்க்கலாம்’ என்ற பதிலைப் பெற்றோர் ஏற்க வேண்டியதில்லை.

பொதுத்தேர்வுக்கு முன்பு

தகுதியுள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில், அவர்கள் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் விடையை வாயால் சொல்வது தனிப் பழக்கம். காற்புள்ளி எங்கே, அடுத்த பத்தி எங்கே என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பின் மாதத் தேர்வுகளிலேயே அதைத் தொடங்கிவிட வேண்டும்.