உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூரின் 1968

★ சிங்கப்பூர் தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9-இல். ஆனால் தனியாகப் பிழைக்க முடியுமா என்ற சோதனை வந்தது 1968 ஜனவரி 16-இல்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிரிட்டிஷ் படைகள் 1971 முடிவதற்குள் திரும்பிவிடும் என்று பிரதமர் ஹரால்ட் வில்சன் அன்று லண்டனில் அறிவித்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டிருந்தது. தூரதேசத்துப் படைகளுக்குச் செலவழிக்க பிரிட்டனிடம் பணமில்லை. முதலில் 1971 மார்ச் என்றுதான் கெடு வைக்க நினைத்தார்கள். சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் இயூ அவசரமாக லண்டனுக்குப் பறந்து போய் வாதாடினார். அவருக்குக் கிடைத்தது ஒன்பது மாத அவகாசம்.

★ படைகள் போனால் போகட்டும் என்று சிங்கப்பூரால் சும்மா இருக்க முடியவில்லை. சுமார் 20 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்தத் தீவின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் சாங்கி, செலேத்தார் விமானத் தளங்களிலும் பல்லாயிரம் பேர் கூலிகளாக, எழுத்தர்களாக, பொறி பழுதுபார்ப்போராக, சமையல்காரர்களாக வேலை பார்த்தார்கள். அவர்களில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். தளங்கள் மூடப்பட்டபோது பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் பலர். சிங்கப்பூரின் வெற்றிக் கதையைச் சொல்லும் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு பத்திதான் கிடைக்கிறது. அது போதாது.

★ செம்பவாங்கின் மாபெரும் கப்பல் பழுதுபார்க்கும் துறையை 1968 டிசம்பரில் பிரிட்டன் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தது. அடையாளமாக வாங்கிக்கொண்ட விலை ஒரே ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)! போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய அந்த இடம் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. தளங்களைத் தொழிலிடங்களாக மாற்றுவதற்கென்றே ஒரு தனித் துறையை அரசு அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்கி, ஹான் சுய் சென்னிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தது.

★ அந்த ஓராண்டில் பிறந்தவை: ஜூன் 1-இல் ஜூரோங் நகராண்மைக் கழகம், ஜூலையில் டிபிஎஸ் வங்கி, டிசம்பரில் நெப்டியூன் ஓரியன்ட் கப்பல் நிறுவனம். நிதி அமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய ஜூரோங் தொழிற்பேட்டையை, ‘கோவின் முட்டாள்தனம்’ என்று பலர் கேலி பேசிய காலம் ஒன்று இருந்தது.

★ முதலீட்டாளர்களை வரவழைக்க சிங்கப்பூர் கொடுத்த பெரிய விலை தொழிலாளர் உரிமை. 1968 ஆகஸ்ட் 15-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டம், வாரத்துக்கு 44 மணி நேர வேலை என்று பொது வரையறை வைத்தது. ஆளெடுப்பது, நீக்குவது, பதவி உயர்த்துவது, இடம் மாற்றுவது எல்லாம் முதலாளியின் உரிமை, அவை பற்றித் தொழிற்சங்கம் பேரம் பேச முடியாது என்று தொழில் உறவுச் சட்டத்தையும் திருத்தினார்கள். அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் எஸ். ராஜரத்னம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர், வெளியுறவு அமைச்சும் அவரிடமே இருந்தது. அடுத்த ஆண்டு வேலைநிறுத்தமே நடக்கவில்லை. அந்நிய நிறுவனங்கள் வந்தன, வேலையும் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அதற்காகத் தொழிலாளி விட்டுக்கொடுத்த பேரம் பேசும் பலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

★ தைப்பூசத்துக்கு சிங்கப்பூரில் முன்பு பொது விடுமுறை உண்டு. அதை இழந்ததும் 1968-இல்தான். உற்பத்தியைக் கூட்ட விடுமுறைகளைக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தின் பிறந்த நாளை விட்டார்கள். கிறிஸ்தவர்கள் புனித சனியையும் ஈஸ்டர் திங்களையும் விட்டார்கள். தீபாவளியா தைப்பூசமா என்று கேட்டபோது இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை இன்றும் காவடிகள் போகின்றன. எடுப்பவர்களில் பலர் விடுப்பு எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

★ தொழிலாளிக்குக் கிடைத்ததும் ஒன்று உண்டு. மத்திய சேமநிதியில் சேர்ந்த பணத்தைக் கொண்டு அரசாங்க அடுக்குமாடி வீட்டைச் சொந்தமாக வாங்கலாம் என்ற வசதி 1968 செப்டம்பரில் வந்தது. ஓய்வுக்காலத்துக்கென்று பூட்டி வைத்திருந்த சேமிப்பு, உழைக்கும் வயதிலேயே வீட்டுச் சாவியாகக் கைக்கு வந்தது. 1968-இன் முடிவுகளில் சாதாரணக் குடும்பங்களின் வாழ்வை அதிகம் மாற்றியது இதுவே என்பேன்.

★ 1968 ஏப்ரல் 13 பொதுத்தேர்தலில் மொத்தம் 58 தொகுதிகள். அவற்றில் 51-இல் ஆளும் மக்கள் செயல் கட்சியை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸ் தேர்தலைப் புறக்கணித்தது. 58 இடங்களும் ஆளுங்கட்சிக்கே. ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் நுழைய 1981 ஆன்சன் இடைத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுழைந்தவர் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்னம். மக்களின் பிழைப்பையே மாற்றிய சட்டங்கள், எதிர்க்கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லாத அவையில் நிறைவேறின என்பதையும் சேர்த்தே அந்த ஆண்டை எடைபோட வேண்டும்.

★ கடற்படைத் தளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய தாத்தாவோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவருக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பிரிவில் வேலை, என்ன சம்பளம், வேலை போகப்போகிறது என்ற செய்தி எப்படி வந்து சேர்ந்தது, எவ்வளவு பணிக்கொடையோடு ஊருக்குக் கப்பலேறினார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிவையுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.