காட்டில் ஒரு குரங்கு இறந்தால் யாருக்குச் சொல்வது?

எமரால்டில் எழுந்த கேள்வி

2023 செப்டம்பரில் எமரால்டு அணைக்கு அருகே ஓடையோரம் இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மட்டும் நீலகிரி மாவட்டத்தில் குட்டிகளையும் சேர்த்துப் பத்துப் புலிகள் இறந்தன. தேசியப் புலிகள் காப்பக ஆணையத்தின் குழுவே நேரில் வந்து விசாரித்தது. எமரால்டில் இறந்த புலிகளுக்கு உடற்கூராய்வு நடந்தது. மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின. சுற்றுவட்டாரத்தில் தேடியபோது ஒரு பசுவின் உடல் கிடைத்தது. புலி அடித்த பசு அது. அதன் உடலில் நஞ்சு வைக்கப்பட்டது தெரியவந்து, மாட்டின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார்.

நோயா, நஞ்சா, பட்டினியா, தங்களுக்குள் நடந்த சண்டையா? காட்டில் ஓர் உயிர் விழும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியாக வேண்டும். எமரால்டில் கிடைத்த பதில் நஞ்சு. அது தொற்றுநோயாக இருந்திருந்தால், கவலை அந்த ஓடையோரத்தோடு முடிந்திருக்காது.

குந்தா தாலுகாவில் இருக்கும் எமரால்டின் அமைப்பைப் பார்த்தாலே காரணம் புரியும். சரிவெல்லாம் தேயிலை, பள்ளங்களில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், அதற்கப்பால் அவலாஞ்சிச் சோலைக்காடு. காலையில் இலை பறிக்கக் கிளம்புகிற பெண்கள், காட்டெருமை நகர்ந்து வழிவிடும்வரை கூடையோடு ஒதுங்கி நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. பகலில் வீட்டு மாடு மேய்ந்த புல்லை இரவில் கடமான் மேய்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு நாய் சோலைக்குள் போய் வருகிறது. அந்த நாயைத் தேடிச் சிறுத்தை லைனுக்கு வருகிறது. மனிதர், கால்நடை, காட்டுயிர் என்று மூன்று தரப்பும் ஒரே தண்ணீரையும் ஒரே மண்ணையும் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், கிருமி ஒரு தரப்போடு நின்றுவிடுவதில்லை.

வெக்கை நோய் கற்றுத்தந்த பாடம்

பழைய தலைமுறை விவசாயிகளுக்கு வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டாலே நடுக்கம். கடும் காய்ச்சல், வாயெல்லாம் புண், நிற்காத கழிச்சல் என்று வந்து, சில நாட்களில் தொழுவத்தையே காலி செய்துவிடும். 1968இல் இந்த நோய் முதுமலை, பந்திப்பூர் காடுகளின் காட்டெருமைகளைத் தாக்கியது. மந்தை மந்தையாக அவை மடிந்தன. பழைய எண்ணிக்கைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன.

விலங்கு நோய்களுக்காக உலக நாடுகள் ஒன்றுகூடியதும் இதே நோயால்தான். அதில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய திமில் மாடுகள், போகும் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கி, பெல்ஜியக் கால்நடைகளிடம் பரவியது. அந்த அதிர்ச்சியில் 1924 ஜனவரியில் 28 நாடுகள் பாரிஸில் கூடி ஓர் அமைப்பை உருவாக்கின. இன்று அது உலக விலங்கு சுகாதார அமைப்பு. தன் நாட்டில் கொடிய விலங்கு நோய் தலைகாட்டினால் ஒளிக்காமல் மற்ற நாடுகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை உடன்பாடு.

அந்த உடன்பாட்டின் மேல்தான் உலகம் முழுவதும் தடுப்பூசி இயக்கம் நடந்தது. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகத் தென்பட்டது தமிழ்நாட்டில், 1995இல். உலகில் கடைசியாக அறியப்பட்ட பாதிப்பு 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், ஒரு காட்டு எருமையிடம் கண்டறியப்பட்டது. 2011இல் இந்த நோய் பூமியிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது.

நீலகிரியின் காட்டெருமைகளுக்கு யாரும் ஊசி போடவில்லை. நாட்டு மாடுகளுக்குப் போட்ட ஊசியே காட்டைக் காப்பாற்றியது. இன்று தேயிலைச் சரிவில் கூட்டமாக மேயும் காட்டெருமைகள் அந்த உலகளாவிய உழைப்பின் பலனை அனுபவிக்கின்றன.

குரங்குக் காய்ச்சல்

மனித உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு நோய், மலைக்காடுகளை ஒட்டி வாழ்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே அக்கம்பக்கத்துக் கிராமங்களில் மக்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு புனேயில் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் விரைந்து வந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்பதுதான் அவர்களுடைய முதல் அச்சம். ஆய்வில் கிடைத்ததோ அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ். காட்டு உண்ணிகள் அதைப் பரப்பின.

ரஷ்யப் பகுதிகளில் இருந்த வைரஸோடு அது ஒத்துப்போனதால் அடுத்த சந்தேகம் வலசைப் பறவைகள்மேல் விழுந்தது. வடக்கேயிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவா என்று பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தார்கள். ஒரு காட்டின் காய்ச்சலைப் புரிந்துகொள்ள வைரஸ் நிபுணர், பூச்சி நிபுணர், பறவையியலாளர் என்று பல துறை, பல நாட்டு அறிவு தேவைப்பட்டது.

பல பத்தாண்டுகள் ஷிமோகா வட்டாரத்தோடு நின்றிருந்த இந்த நோய் 2012 இறுதியில் பந்திப்பூரில் தென்பட்டது. இறந்த குரங்குகளின் உடலை எரித்த வனப் பணியாளர்களே அங்கே நோயில் விழுந்தார்கள். தொடர்ந்து நீலகிரி, வயநாடு காடுகளில் இறந்த குரங்குகளிடமும் வைரஸ் இருப்பது உறுதியானது. 2015இல் வயநாட்டில் பழங்குடி மக்களிடையே பரவி உயிர்களையும் பறித்தது.

நோயுள்ள உண்ணி கடித்து 3 முதல் 8 நாட்களில் திடீரென்று குளிர்காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, உடம்பு முழுக்கத் தசைவலி, வாந்தி வரும். சிலருக்கு மூக்கு, ஈறுகளில் ரத்தம் கசியும். காய்ச்சல் விட்டுத் தேறியவர்களிலும் சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வந்து நடுக்கம், பார்வைக் கோளாறு, மனக்குழப்பம் உண்டாகலாம். பாதிக்கப்படுவோரில் 100க்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். வைரஸைக் கொல்லத் தனி மருந்து இல்லை. சீக்கிரம் கண்டறிந்து, நீர்ச்சத்தும் ரத்தப்போக்கும் கவனிக்கப்பட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை.

குரங்கு இறந்ததும் அதன் உடம்பில் இருந்த உண்ணிகள் உதிர்ந்து அடுத்த உயிரைத் தேடும். அதனால் குரங்கு விழுந்த இடமே அப்போது காட்டின் மிக ஆபத்தான இடம். டிசம்பர் முதல் மே வரை, இளம் உண்ணிகள் பெருகும் காலத்தில், விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

முதுமலையில் விழுந்த பன்றிகள்

2022 டிசம்பர் கடைசியிலும் 2023 ஜனவரியிலும் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து இறந்தன. மாதிரிகள் உத்தரப்பிரதேசத்தின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பறந்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று முடிவு வந்தது.

1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய் அது. 2007இல் ஜார்ஜியா, 2018இல் சீனா, 2020இல் இந்தியாவின் வடகிழக்கு, 2022இல் வயநாடு, அடுத்து முதுமலை. இந்த வழித்தடத்தை இன்று வரிசையாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு நாடும் பாரிஸில் உள்ள உலக விலங்கு சுகாதார அமைப்புக்கு அனுப்பிய அறிக்கைகள்தான். பன்றி நடந்தே இவ்வளவு தூரம் வந்துவிடவில்லை. நோய்ப்பட்ட இறைச்சி, ஓட்டல் கழிவு, லாரி, கப்பல் என்று மனிதர்கள் சுமந்து சென்ற தூரமே அதிகம்.

இந்தக் காய்ச்சல் மனிதர்களுக்குத் தொற்றாது. ஆனால் பன்றி வளர்ப்பவரின் பிழைப்பை ஒரே வாரத்தில் அழித்துவிடும். புலிக்கும் செந்நாய்க்கும் காட்டுப்பன்றி இரையாக இருப்பதால் காட்டின் உணவுக் கணக்கையும் குலைத்துவிடும்.

குன்னூர் தரும் நம்பிக்கை

நோய்த் தடுப்பில் நீலகிரிக்கு ஒரு நூற்றாண்டுப் பெருமை உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல், அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி ஃபிப்ஸின் நிதியுதவியோடு தொடங்கப்பட்டது. பிரான்சில் லூயி பாஸ்டர் கண்ட சிகிச்சை, வெறிநாய்க்கடிக்கு ஆளான தென்னிந்தியர்களுக்கு அங்கே கிடைத்தது. இன்று உலக சுகாதார நிறுவனம், உலக விலங்கு சுகாதார அமைப்பு, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மூன்றும் சேர்ந்து, 2030க்குள் நாய்களால் பரவும் ரேபிஸுக்கு மனிதர் ஒருவர்கூட பலியாகக் கூடாது என்று இலக்கு வைத்திருக்கின்றன.

காட்டை ஒட்டிய ஊர்களில் நாய்களுக்கு ஊசி போடுவது ஊருக்கும் காட்டுக்கும் சேர்த்துச் செய்கிற காரியம். ரேபிஸ் நரியையும் செந்நாயையும்கூடத் தாக்கும். நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் வைரஸ் 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இறந்த சிங்கங்களிடமும் அதே வைரஸ் இருந்தது.

தகவல் போகும் வழி

மலைச்சரிவில் கிடக்கும் ஓர் உடலைப் பற்றிய செய்தி முதலில் வேட்டைத் தடுப்புக் காவலருக்கோ வனக் காப்பாளருக்கோ போகிறது. வனக் கால்நடை மருத்துவர் மாதிரி எடுக்கிறார். அது நோய்க்கு ஏற்றபடி சென்னை, புனே, போபால் அல்லது உத்தரப்பிரதேச ஆய்வகத்துக்குப் போகிறது. முடிவு டெல்லிக்குச் சென்று, தேவையானால் அங்கிருந்து உலக அமைப்புகளுக்குத் தெரிவிக்கப்படுகிறது. 2022இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தையும் சேர்த்து நான்கு அமைப்புகள், மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலத்தையும் ஒன்றாகப் பார்க்கும் கூட்டுச் செயல்திட்டத்தை வெளியிட்டன.

இந்தச் சங்கிலி எவ்வளவு வேகமாக இயங்க முடியும் என்பதை 2021 ஜூனில் தமிழகம் கண்டது. வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியதைப் போபால் ஆய்வகம் உறுதிசெய்தது. உடனே முதுமலை தெப்பக்காடு முகாமின் 28 யானைகளிடமும் மாதிரி எடுத்தார்கள். ஒன்றுக்கும் தொற்று இல்லை.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குப் பாறுக் கழுகுகளே சாட்சி. தொண்ணூறுகளில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் எங்கும் அவை லட்சக்கணக்கில் அழிந்தன. ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் நினைத்தார்கள். மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலிமருந்துதான் காரணம் என்பது பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் மூலம் 2004இல் வெளியானது. இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியவை தென்னிந்தியாவின் அரிய மிச்சம். இறந்த மாட்டைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்து, அழுகலையும் தெருநாய்ப் பெருக்கத்தையும் கட்டுக்குள் வைத்திருந்த பறவைகள் அவை.

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் அறிவிக்கப்பட்டபோதே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று மூன்று மாநிலங்களைச் சேர்த்து 5,520 சதுர கிலோமீட்டருக்கு எல்லை வகுத்தார்கள். வயநாட்டில் குரங்கு இறந்தால் அன்றே கூடலூருக்கும் குண்டல்பேட்டைக்கும் தெரிய வேண்டும். பாரிஸுக்குப் போகிற தகவல் பக்கத்து மாவட்டத்துக்குத் தாமதமாக வருமானால், உலக ஒத்துழைப்பால் மலைமக்களுக்குப் பயனில்லை.

நம் கையில் இருப்பவை

இறந்த குரங்கு, பன்றி, காட்டெருமை எதுவானாலும் தொடாதீர்கள். புதைக்கவோ எரிக்கவோ நீங்களே முனையாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடியும் மாடு அல்லது காட்டு விலங்கு அடைப்பான் நோயால் இறந்திருக்கலாம். அதை அறுத்தால் கிருமியின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். தோலுக்காகவோ கறிக்காகவோ கத்தி வைக்க வேண்டாம்.

காட்டுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை, காலை மூடும் உடை, உண்ணி விரட்டித் தைலம் அவசியம். திரும்பியதும் வெந்நீரில் குளித்து, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெல்ல இழுத்தெடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதையும் உண்ணி கடித்ததையும் முதலிலேயே சொல்லுங்கள்.

நாய், குரங்கு, நரி எது கடித்தாலும் கீறினாலும் 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். ஊசியைத் தவணை தவறாமல் போட்டு முடியுங்கள். மாட்டுக்குக் கோமாரி ஊசியும் நாய்க்கு ரேபிஸ் ஊசியும் தவறக் கூடாது. மாடு நோய்ப்பட்டால் 1962க்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால் நஞ்சு வைக்காமல் வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனுக் கொடுங்கள்.

பாரிஸ், டெல்லி, புனே என்று நீளும் கண்காணிப்பு வலை முழுவதும், எமரால்டு போன்ற ஊரில் ஒருவர் தாமதிக்காமல் சொல்லும் முதல் தகவலை நம்பித்தான் இருக்கிறது. உங்கள் பகுதி வனக் காப்பாளரின் எண்ணை இன்றே கேட்டு வாங்கி, செல்போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.