குயின்ஸ் பார்க் கொல்லைப்புறம்

வாங்க, சத்தம் போடாமல் உள்ளே நுழைவோம்! டொரன்டோவில் 1893-ல் திறந்த இளஞ்சிவப்புக் கல் மாளிகை. ஒன்டாரியோ மாகாண சட்டமன்றம், ஊர் வாயில் குயின்ஸ் பார்க். அண்ணாந்து பாருங்கள். ஆளுங்கட்சியை முறைத்தபடி மரத்தில் செதுக்கிய ஆந்தை: புத்தியோடு ஆள வேண்டுமாம். எதிர்க்கட்சியை முறைத்தபடி கழுகு: கண்கொட்டாமல் கவனிக்க வேண்டுமாம். கறுப்பு வெள்ளைச் சீருடையில் தண்ணீரும் கையுமாக ஓடுகிற பொடிசுகள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். வீட்டுக்குப் போய் எப்படியெல்லாம் அளப்பார்களோ!

நாம் பார்க்க வந்த ஆள் ரேமண்ட் சோ. 1936-ல் கொரியாவில் பிறந்தவர். கனடா வந்த புதிதில் சுரங்கம், துப்புரவு என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். 1991-லிருந்து 25 வருஷம் கவுன்சிலர். 1988-ல் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) வேட்பாளர், 2014-ல் பார்த்தால் கன்சர்வேடிவ்! டொரன்டோ நகர மன்றத்தில் கட்சியும் கிடையாது, கொறடாவும் கிடையாது. எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் கேட்க ஆளில்லை.

இனிமேல்தான் சூடு. 2016 செப்டம்பர் 1, ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் மாகாண சட்டமன்ற இடைத்தேர்தல். தொகுதி பிறந்த நாளிலிருந்து லிபரல் கோட்டை. கன்சர்வேடிவுக்குச் சோ, லிபரலுக்குப் பிரகல் திரு, என்டிபிக்கு நீதன் சண். எதிரே நிற்கிற இந்த இருவருமே தமிழர்கள்! வாக்குப்பதிவு நெருங்கும்போது, பாலியல் கல்விப் பாடத்திட்டத்தைத் தூக்கிவிடுவோம் என்று கன்சர்வேடிவ் தலைவர் பேட்ரிக் பிரவுன் பெயரில் தொகுதிக்குள் ஒரு கடிதம். மாகாணமே அல்லோலகல்லோலம். அது தவறு என்று பிரவுனே பின்வாங்கினார். அத்தனை கூத்துக்கும் நடுவே சோ ஜெயித்தார்.

நகர மன்றத்தில் அவர் காலி செய்த 42-ஆம் வார்டு என்னாச்சு என்கிறீர்களா? 2017 பிப்ரவரியில் அங்கே வந்து உட்கார்ந்தவர் சாட்சாத் நீதன் சண்! டொரன்டோ மன்றத்தின் முதல் தமிழ்க் கவுன்சிலர். தன்னைத் தோற்கடித்தவர் விட்டுப்போன நாற்காலியிலேயே!

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. 2018-ல் டக் ஃபோர்டின் கன்சர்வேடிவ் மாகாண ஆட்சி, சோ அமைச்சர். 47 ஆக உயரவிருந்த டொரன்டோ வார்டுகளை அந்த அரசு 25 ஆக வெட்டித் தள்ள, பழைய 42 வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. புது வார்டில் நின்ற நீதன் 154 ஓட்டில் தோற்றார்.

சோவோ 2022-லும் ஜெயித்து, 2025-லும் ஜெயித்தார். அப்போது வயது 88. இலாகா? மூத்தோர் நலம்! அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆளை எங்கே போய்த் தேடுவது?