மீன் தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்!

தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனாலும் நான்காம் நாள் காலையில் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. "பசிக்குதாப்பா அதுக்கு?" என்றாள் மகள். இன்னொரு சிட்டிகை தீனி போட்டேன். சாயங்காலத்துக்குள் இரண்டும் போய்விட்டன.

"நமக்கு மீன் ராசி இல்லை" என்றார் அம்மா. சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கிப் போகும் பலர் வீட்டிலும் இதே வசனம்தான். ராசி மேல் பழி போட வேண்டாம், கொன்றது அம்மோனியா.

மீன் செவுள் வழியாக வெளியேற்றும் கழிவு, அடியில் அழுகும் தீனி எல்லாமே அம்மோனியாவாகிறது. கண்ணுக்குத் தெரியாது, செவுளைப் புண்ணாக்கிவிடும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். அடுத்து வரும் நைட்ரோஸ்பைரா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இது அளவோடு இருந்தால் பெரிய ஆபத்தில்லை. செடிகள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், மீதியை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம்.

இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டியில் தினமும் துளி தீனி போட்டுவர வேண்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். அவசரமா? நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கேளுங்கள். பாலுக்கு உறை மோர் ஊற்றுவது மாதிரிதான்.

சுத்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாதீர்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடக்கூடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து அவசியம். மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டால் ஆக்ஸிஜன் கிடைக்காமல் பாக்டீரியாவும் சாகும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது முறை ஐந்து வாரம் காத்திருந்தோம். வந்த உறவினர்கள் எல்லாம் "மீன் எங்கே?" என்று சிரித்தார்கள். ஆறாவது வாரம் நான்கு கப்பிகள் விட்டோம். இப்போது எத்தனை இருக்கின்றன என்று மகளால் எண்ண முடியவில்லை.