இடிந்த வீட்டின் கல்லில் புது வீடு கட்டலாமா?

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி மலையகத்தில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். முதலாம் உலகப் போர் வந்ததால் பாலத்துக்கென ஒதுக்கிய இரும்பு போர்முனைக்குப் போய்விட்டதாம். கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் மட்டும் வைத்து உள்ளூர்க்காரர்களே வேலையை முடித்தார்களாம். கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விடயம். ஆனால் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்ட அந்தப் பாலத்தின் மேல் நூறு வருடங்களுக்குப் பிறகும் ரயில் ஓடுகிறது. 1923இல் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கை, அதைக் கொங்கிரீட் பாலம் என்றே குறிப்பிடுகிறது.

உள்ளே கம்பி இல்லாததுதான் அந்த ஆயுளின் முக்கிய இரகசியம். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், தோட்டங்களில் இன்று எழும் ஒரு கேள்விக்கும் பதில் அங்கேதான் தொடங்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அதற்கு முன்பே, 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதையும் நாம் மறக்கவில்லை. மலை சரிந்த இடத்திலும், லயன் உடைத்து ஏழு பேர்ச்சஸில் தனி வீடு கட்டும் இடத்திலும் இடிபாடு குவிந்து கிடக்கிறது. மணல் விலையையும் சல்லி விலையையும் பார்ப்பவர்களுக்கு அந்தக் குவியல் மேல் கண் போவது இயல்பு. அதை உடைத்துப் புதுக் கொங்கிரீட்டில் போட்டால் வீடு எத்தனை வருடம் நிற்கும்?

வன்னி வாசகர்களுக்கு இந்தக் கேள்வி பழையது. 2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோது, உடைந்த சொந்தச் சுவரைக் குத்தி நொறுக்கி அத்திவாரத்தில் போட்டவர்கள் எத்தனையோ பேர். 1977, 1983 வன்முறைகளில் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கும் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களுக்கு இது இரண்டாவது, மூன்றாவது வீடு.

புதுச் சல்லிக்கும், உடைத்த கொங்கிரீட்டிலிருந்து வரும் சல்லிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: பழைய கல்லின் மேல் பழைய சாந்து ஒட்டியிருக்கிறது. நம் மலைக் கருங்கல் பொதுவாகத் தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீரைக்கூடக் குடிக்காது. சாந்து ஒட்டிய சல்லி நூற்றுக்கு மூன்றிலிருந்து பத்துப் பங்குவரை குடிக்கும். அதனால் கலவை சீக்கிரம் இறுகுவதுபோல் தெரிய, மேசன் இன்னும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். தவறு அங்கேதான் நடக்கிறது. கூடுதல் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகள் வழியே காற்றும் ஈரமும் உள்ளே போகின்றன. பழைய சல்லியை முதல் நாளே நனைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு கலந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். செலவில்லாத வேலை, ஆனால் அநேகமாக யாரும் செய்வதில்லை.

பலம் குறைவது பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. சல்லியில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கை மாற்றினால் சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. முழுவதையும் மாற்றினால்தான் பலம் கவனிக்கத்தக்க அளவு குறைகிறது. காயும்போது சுருங்குவதும் வெடிப்பதும் கூடுகிறது. ஆயுள் என்பது வேறு கணக்கு. நல்ல கொங்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு துளைகள் வழியே மெதுவாக உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்கிறது. அது கம்பியைத் தொட்ட நாளிலிருந்து துரு ஆரம்பம். துரு பருக்கும், பருத்தால் மேல் கொங்கிரீட் உதிரும். துளை கூடிய கொங்கிரீட்டில் அந்த நாள் முந்தி வரும். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு இந்தக் கவலை கிடையாது.

ஆக, கம்பி இல்லாத இடத்தில் பழைய சல்லியைத் தாராளமாகவே போடலாம் என்பது என் முடிவு. நிலத்துக்கு அடியில் போடும் மெல்லிய கொங்கிரீட், நடைபாதை, வடிகால் ஓரம், புளொக் கல் எல்லாம் இதில் அடங்கும். தூண், பீம், மேல் தட்டு என்றால் கை நடுங்க வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் தரநிர்ணயமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மெலிந்த கொங்கிரீட்டில் முழுவதும் போடலாம். கம்பியில்லாக் கொங்கிரீட்டில் நூற்றுக்கு 25. கம்பி வைத்ததில் 20, அதுவும் நடுத்தரப் பலம்வரை மட்டும். இதுவும் கொங்கிரீட்டை உடைத்து எடுத்த சல்லிக்குத்தான். செங்கல், பூச்சு, ஓடு எல்லாம் கலந்த இடிபாட்டுக்கு மெலிந்த கொங்கிரீட்டைத் தாண்டி அனுமதியில்லை.

இங்கேதான் லயன் தனிக்கதை ஆகிறது. பழைய லயன்களில் கொங்கிரீட் குறைவு. பெரும்பாலும் கருங்கல், சுண்ணாம்பு அல்லது மண் சாந்து, மேலே தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் சீற். அந்தக் கருங்கல்லை நொறுக்குவது வீண். சாந்தைத் தட்டிவிட்டு அப்படியே அத்திவாரத்துக்குக் கட்டலாம். எத்தனை வருடமானாலும் அதற்கு வயதில்லை. அஸ்பெஸ்டஸை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் உடைக்கவோ கலக்கவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் வருவது புற்றுநோய். தேயிலை மண் புளிப்பு மண் என்பதால், அதைத் தொடும் கொங்கிரீட்டின் மேற்பரப்பை அது மெதுவாக அரிக்கும் என்பதையும் மேசனுக்கு நினைவூட்டுங்கள்.

பதுளைக்குக் கடல் தூரம், அது ஒரு நிம்மதி. சுனாமிக்குப் பிறகு காலியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இடிபாட்டை மறுசுழற்சி செய்யும் திட்டம் ஒன்று நடந்தது. கடல்நீர் பட்ட இடிபாட்டில் உப்பு இறங்கியிருக்கும். உப்பு, காரம் குறையும்வரை காத்திராமலே கம்பியை அரிக்கும். முல்லைத்தீவு, வடமராட்சிக் கரையோர இடிபாட்டைக் கம்பிக் கொங்கிரீட்டில் போடாமல் இருப்பதே நல்லது. ஷெல் விழுந்து எரிந்த வீடென்றால் உடைத்த துண்டின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது ஏறத்தாழ 300 பாகைக்கு மேல் வெந்திருக்கக்கூடும். பலம் போன கொங்கிரீட் அது. கண்ணிவெடி அகற்றுவோர் பார்க்காத குவியலில் சுத்தியலே வைக்க வேண்டாம்.

கட்டடப் பொருட்களைச் சோதிக்கும் வேலையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் செய்கிறது. மலைநாட்டு மக்களுக்கு அந்தப் பெயர் மண்சரிவு எச்சரிக்கையோடுதான் பழக்கம். வீடு கட்டக் காணி பாதுகாப்பானதா என்று சொல்வதும் அவர்களே. சல்லி எப்படியிருந்தாலும், அந்த அறிக்கை கைக்கு வருவதற்கு முன் அத்திவாரம் வெட்டத் தொடங்காதீர்கள்.