ஹைதராபாத்: திறக்காத கதவுகளும் குடும்பச் செலவுக் கணக்கும்

புது தில்லி: நகர்ப்புறத்தில் வசிக்கும் ஒருவரின் சராசரி மாதச் செலவு தெலங்கானாவில் ரூ. 8,978. தமிழகத்தில் ரூ. 8,165. தேசிய சராசரி ரூ. 6,996. அரசு இலவசமாக அளிக்கும் பொருள்களின் மதிப்பைச் சேர்க்காமல், 2023-24-ம் ஆண்டு குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு தெரிவிக்கும் தொகைகள் இவை.

நகரங்களில் மொத்தச் செலவில் வாடகையின் பங்கு ஏறத்தாழ 6.6 சதவீதம் மட்டுமே என்றும் அந்த ஆய்வு கூறுகிறது. ஹைதராபாதின் மாதாபூரிலோ கொண்டாபூரிலோ வாடகைக்குக் குடியிருப்பவர் இதை நம்பத் தயங்குவார். சொந்த வீட்டில் வசிப்போரையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி என்பதே காரணம்.

ஆனால், வசதி படைத்தோரின் செலவு முழுமையாகப் பதிவாகிறதா என்ற கேள்விக்கு இவ்வளவு எளிதாக விடை கிடைப்பதில்லை.

நாடு முழுவதும் 2,61,953 குடும்பங்களிடம் இந்த ஆய்வு நடத்தப்பட்டது. அதாவது, ஒரு குடும்பம் ஆயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களின் சார்பில் பதில் அளிக்கிறது. வசதி படைத்தோர் விடுபடாமலிருக்க, ரூ. 10 லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள கார் வைத்திருக்கும் நகர்ப்புறக் குடும்பங்கள் தனிப் பிரிவாக்கப்பட்டன. ஏற்பாடு நல்லதுதான். எனினும், பட்டியலில் சேர்ப்பது வேறு. பேச வைப்பது வேறு.

உணவு, அன்றாட நுகர்பொருள்கள் மற்றும் சேவைகள், நீடித்து உழைக்கும் பொருள்கள் என மூன்று வினாத்தாள்களுடன், மூன்று மாதங்களில் மூன்று முறை ஊழியர் வந்தாக வேண்டும். முன்பு ஒரே முறையில் முடிந்த வேலை இது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியை ஒரு முறை சமாளிப்பதே பெரும்பாடு.

ஹைதராபாதில் கணக்கெடுப்பு என்றாலே அரசியலும் உடன் வந்துவிடுகிறது. 2014 ஆகஸ்ட் 19-ல் மாநில அரசு ஒரே நாளில் நடத்திய குடும்பக் கணக்கெடுப்பு, ஆந்திரத்திலிருந்து வந்து குடியேறியவர்களை அடையாளம் காணவே என்ற அச்சம் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2020 மார்ச்சில் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கு எதிராகச் சட்டப்பேரவையே தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் தொடங்கிய ஜாதிவாரி ஆய்வில் 96.9 சதவீதக் குடும்பங்கள் பங்கேற்றன. விடுபட்டவற்றில் பெரும்பாலானவை பெருநகர ஹைதராபாத் எல்லைக்குள் இருந்தன. அவர்களுக்காக 2025 பிப்ரவரியில் மீண்டும் வாய்ப்பு அளிக்கப்பட்டது.

மாதிரி ஆய்வில் அப்படிக் காத்திருக்க முடியாது. தேர்வான குடும்பம் மறுத்தால், அதே பிரிவிலிருந்து மாற்றுக் குடும்பம் எடுத்துக்கொள்ளப்படும்.

மக்களின் தயக்கத்தை மட்டும் குறை கூறுவதும் நியாயமல்ல. 2017-18-ம் ஆண்டு செலவு ஆய்வின் முடிவுகளை, தரவுகளின் தரம் சரியில்லை என்று கூறி 2019 நவம்பரில் மத்திய அரசே நிறுத்திவைத்தது. இதனால் 2011-12-க்குப் பின் அடுத்த முடிவுகள் வெளியாக 2024 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய செலவு விகிதங்களைக் கொண்டே சில்லறைப் பணவீக்கம் கணக்கிடப்பட்டது. அதைப் பார்த்தே ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை முடிவு செய்தது. வீட்டுக் கடன் தவணையும் அதையொட்டியே ஏறி இறங்கியது. 2024-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய குறியீட்டெண்ணுக்கு 2023-24 ஆய்வே ஆதாரம்.