கேட்டையும் அதன் துணையும்

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் விண்மீன்கள் யாவும் தனித்தவை அல்ல. பல, இரண்டும் மூன்றுமாகக் கூடி வாழ்பவை. கேட்டை அத்தகையது.

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூப் பயிர் பசுமையாக நிற்கும் ஆனி, ஆடித் திங்களில், முகில் விலகிய முன்னிரவில் தெற்கு நோக்கினால், தேள் வடிவான விருச்சிகக் கூட்டம் தோன்றும். அதன் நடுவே செந்நிறமாக ஒளிர்வதே கேட்டை. ஐரோப்பாவின் வடபகுதியில் அடிவானை ஒட்டியே காணப்படும் இம்மீன், கன்னியாகுமரியில் பாதி வானுக்கு மேல் உயர்ந்து விளங்குகின்றது.

கொல்லன் உலையில் இரும்பு முதலிற் சிவந்து, வெப்பம் மிக மிக வெளுக்கின்றது. விண்மீன்களும் அவ்வாறே. கதிரவனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி. கேட்டையினது சுமார் 3,400 டிகிரியே. ஆயினும் அதன் குறுக்களவு கதிரவனைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு. கதிரவன் இருக்குமிடத்தில் அதனை வைத்தால், பூமியும் செவ்வாயும் அதன் உடலுக்குள் அடங்கிவிடும். அது நமக்குச் சுமார் 550 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நாம் காணும் அதன் ஒளி விசயநகர அரசு நிலவிய காலத்திற் புறப்பட்டதாகும்.

இப்பெருமீனுக்கு நீலவெண்ணிறத் துணைமீன் ஒன்று உண்டு. கதிரவனுக்கும் பூமிக்கும் உள்ள இடைவெளியைப் போலப் பல நூறு மடங்கு விலகி நின்று, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் அது ஒருமுறை சுற்றி வருகின்றது. பெருமீனின் பேரொளியில் மறைந்துகிடந்த அதனைத் திங்களே காட்டிக்கொடுத்தது. 1819 ஏப்ரல் 13 அன்று, கேட்டையைத் திங்கள் மறைத்தது. மறைவு நீங்கும் வேளையில், வியன்னாவில் பூர்க் என்னும் வானநூலார் முதலில் மங்கலான ஒளியையும், சில விநாடிகள் கழித்துக் கேட்டையின் முழு ஒளியையும் கண்டார். பின்னர், 1844ஆம் ஆண்டில், இந்தியாவில் வாழ்ந்த கிராண்ட் என்பவர் தொலைநோக்காடி வழியே அத்துணையை நேரிற் கண்டார்.

இரண்டும் உடன்பிறந்தவை எனினும் வாழ்நாள் ஒன்றன்று. எடை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை விரைந்து செலவிடும். கதிரவன் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு வாழக்கூடியது. கேட்டையோ சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே முதுமை எய்தி, உட்கரு சுருங்க, மேலுடல் பருத்துக் குளிர்ந்து சிவந்துவிட்டது. அதன் பருமை வலிமையின் அடையாளமன்று, முடிவின் அறிகுறி. ஒருநாள் அது வெடித்துச் சிதறும். எடை குறைந்த துணைமீனோ இன்னும் இளமையோடு ஒளிர்கின்றது.

வெடித்த விண்மீன்கள் சிந்திய பொருள்களிலிருந்தே புதிய விண்மீன்களும் கோள்களும் தோன்றுகின்றன. நம் குருதியில் உள்ள இரும்பும் அவ்வாறு மாய்ந்த விண்மீன்கள் தந்ததே.